ஹவானா சுருட்டு: ஒரு சுவை உருவான வரலாறு

கியூபாத் தீவின் மேற்குக் கோடியில், பினார் தெல் ரியோ மாகாணத்தில், சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றி மணல் கலந்த செம்மண் நிலம் பரந்து கிடக்கிறது. வுவெல்தா அபாஹோ எனப்படும் இந்தப் பகுதியில்தான் ஹவானா சுருட்டுக்கான மிகச் சிறந்த புகையிலை விளைகிறது. சுருட்டை ருசித்துப் பிடிக்க விரும்புகிறவர்களுக்கென்று பல விதிகள் சொல்லப்படுகின்றன: நிதானமாக இழுக்க வேண்டும், புகையை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது, சாம்பலை அடிக்கடி தட்டக் கூடாது, கடைசிப் பகுதியை விட்டுவிட வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய மனிதர்களின் சம்பிரதாயங்கள் போல இருக்கும் இவை ஒவ்வொன்றுக்கும், இலையின் தன்மையிலும் அதைப் பக்குவப்படுத்திய கைகளின் வேலையிலும் காரணம் இருக்கிறது. அந்த வேலை முந்நூறு ஆண்டுகளாகப் படிப்படியாகத் திருந்தி வந்தது.

1492 அக்டோபர் இறுதியில் கொலம்பஸ் கியூபாக் கரையை அடைந்தார். ரோத்ரிகோ தெ ஹெரெஸ், லூயிஸ் தெ தோர்ரெஸ் என்ற இருவரைத் தீவின் உட்பகுதிக்கு அனுப்பினார். திரும்பி வந்த அவர்கள், ஆண்களும் பெண்களும் கையில் கொள்ளியும் உலர்ந்த இலைச் சுருளும் வைத்துக்கொண்டு புகையை உள்ளே இழுப்பதைக் கண்டதாகச் சொன்னார்கள். கொலம்பஸின் நவம்பர் 6ஆம் நாள் குறிப்பில் அந்தச் செய்தி பதிவானது. தாயினோ மக்களின் பழக்கம் அது. சில ஆண்டுகளிலேயே ஹிஸ்பானியோலாத் தீவில் குடியேறிய ஸ்பானியர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. கண்டித்தபோது, விட முடியவில்லை என்று அவர்கள் பதில் சொன்னதைப் பாதிரியார் பார்தோலோமே தெ லாஸ் காசாஸ் எழுதி வைத்திருக்கிறார். அதில் அவர்கள் என்ன ருசியையும் பயனையும் கண்டார்கள் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் சேர்த்து எழுதினார். சுருட்டின் ருசியைப் பற்றி ஐரோப்பியர் எழுப்பிய முதல் கேள்விகளுள் ஒன்று அது.

பதினேழாம் நூற்றாண்டில் கனேரித் தீவுகளிலிருந்து வந்த ஏழைக் குடியானவர்கள் கியூபாவின் ஆற்றோர நிலங்களில் புகையிலை பயிரிடத் தொடங்கினர். கரும்புத் தோட்டத்துக்கு வேண்டிய பெரும் நிலமோ முதலீடோ இதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் செடிக்குச் செடி கவனம் தேவைப்பட்டது. வேகேரோ என்று பெயர் பெற்ற இந்த விவசாயிகளிடமிருந்து இலை முழுவதையும் அரசே நிர்ணயித்த விலைக்கு வாங்கும் தனியுரிமையை ஸ்பெயின் 1717இல் கொண்டுவந்தது. 1717, 1720, 1723 ஆகிய ஆண்டுகளில் விவசாயிகள் மூன்று முறை கிளர்ந்தெழுந்தனர். மூன்றாம் கிளர்ச்சி ஹவானாவை அடுத்த பகுதிகளில் ரத்தத்தில் முடிந்தது. பிடிபட்டவர்கள் மற்றவர்களுக்குப் பாடமாகக் கொல்லப்பட்டார்கள்.

தனியுரிமைக் காலத்தில் கியூபாவின் இலை பெருமளவில் கப்பலேறி செவில் நகரத்துக்குப் போனது. அங்கே 1728இல் கட்டத் தொடங்கிய அரச புகையிலைத் தொழிற்சாலை ஸ்பெயினின் மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்று. இன்று அது பல்கலைக்கழகமாக இருக்கிறது. முதலில் மூக்குப்பொடிக்குப் பெயர் பெற்ற அந்த ஆலை, பிறகு பெண்கள் சுருட்டு சுற்றும் இடமாக மாறியது. மெரிமேயின் கதையிலும் பிஸேயின் இசை நாடகத்திலும் வரும் கார்மென் அங்கே வேலை செய்தவள். இலை ஓரிடத்தில் விளைந்து வேறோரிடத்தில் சுற்றப்பட்ட இந்தக் காலத்தில், விளைவித்தவருக்கும் சுற்றியவருக்கும் தொடர்பே இல்லை. ஹவானாவின் தனிச்சுவை உருவாக அந்த இடைவெளி மூடப்பட வேண்டியிருந்தது.

1817 ஜூனில் ஏழாம் ஃபெர்னாந்தோ மன்னன் தனியுரிமையை நீக்கினான். கியூபா தன் புகையிலையைத் தானே சுற்றித் தானே உலகுக்கு விற்கலாம் என்றானது. ஹவானாவில் பட்டறைகள் பெருகின. எச். உப்மன் 1844இலும், பார்த்தகாஸ் 1845இலும், ஓயோ தெ மொந்தெர்ரே 1865இலும், ரோமியோ இ ஹுலியெதா 1875இலும் தொடங்கப்பட்டன. தொழிற்சாலைக்காரர் வயலுக்குப் போய் இலையைப் பார்த்து வாங்கினார். எந்த வயலின் இலை எப்படி எரிகிறது என்பதைச் சுற்றும் தொழிலாளி மேசையிலேயே கண்டுகொண்டார். ஒரு பெயருக்கு ஒரு கலவை, ஒவ்வோர் ஆண்டும் அதே ருசி என்ற எண்ணம் இந்த நெருக்கத்திலிருந்து பிறந்தது.

வயல் வேலை அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை. புகையிலை விதை மிக நுண்ணியது. நாற்றங்காலில் ஒன்றரை மாதம் வளர்த்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடவு செய்கிறார்கள். செடி உயர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளி, பக்கத்தில் துளிர்க்கும் சிம்புகளை ஒடித்துவிடுவார்கள். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து இலைகளுக்குத் திரும்பும். ஒரே செடியில் உயரத்துக்கு ஏற்ப இலையின் குணம் வேறுபடுகிறது. அடி இலை மென்மையானது, ருசி குறைவு, ஆனால் நன்றாக எரியும். அதை வொலாதோ என்கிறார்கள். நடு இலை சேகோ. மணம் அதில்தான் அதிகம். வெயிலை நேராக வாங்கும் உச்சி இலை லிஹேரோ. தடித்தது, எண்ணெய்ப் பசை மிக்கது, காரம் கூடியது, எரிய மறுப்பது. ஆகவே அறுவடை ஒரே நாளில் நடப்பதில்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று இலைகளாக, இடையில் பல நாள் விட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை பறித்துக்கொண்டே இருப்பார்கள்.

பறித்த இலைகளைக் கம்புகளில் கோத்து, ஓலை வேய்ந்த உயரமான கொட்டகைகளில் தொங்கவிடுகிறார்கள். காலை வெயில் ஒரு முனையிலும் மாலை வெயில் மறு முனையிலும் மட்டும் படும்படி, கொட்டகையைக் கிழக்கு மேற்காகக் கட்டுவது வழக்கம். ஏறத்தாழ 50 நாளில் இலை பச்சை மாறி, மஞ்சளாகி, பழுப்பாகிறது. இந்த மெதுவான உலர்த்தல்தான் சுருட்டுப் புகையிலையைச் சிகரெட் புகையிலையிலிருந்து பிரிக்கிறது. சூட்டறையில் ஒரே வாரத்தில் உலர்த்தும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை தங்கிவிடும். அதன் புகையில் அமிலத் தன்மை இருக்கும். காற்றில் உலரும் இலையோ பல நாள் உயிரோடு இருந்து தன் மாவையும் சர்க்கரையையும் தானே தின்று தீர்த்துவிடுகிறது. அதன் புகை காரத் தன்மை கொண்டது. சுருட்டின் ருசிக்கும் அதைப் பிடிக்கும் முறைக்கும் இந்த ஒரு வேறுபாடு அடிப்படை.

உலர்ந்த இலையை அப்படியே சுருட்டினால் கசக்கும், தொண்டையைக் கிழிக்கும். அதைப் பாடம் செய்யும் இடம் அம்பாரம். இலைகளை ஈரப்பதம் பார்த்து, கட்டுக்கட்டாக அடுக்கி, துணியோ சாக்கோ போர்த்தி மூடுகிறார்கள். தன் சொந்தப் பாரத்திலும் ஈரத்திலும் அம்பாரம் உள்ளே சூடேறுகிறது. புரதம் சிதைந்து அம்மோனியாவாக வெளியேறுகிறது. நிக்கோட்டினும் ஓரளவு குறைகிறது. நிறமிகள் உடைந்து மணப் பொருள்களாகின்றன. நடுவில் வெப்பமானி செருகி வைத்து, சூடு எல்லையைத் தொட்டால் அம்பாரத்தைக் கலைத்து, இலைகளை உதறி ஆறவிட்டு, மேலிருந்தது கீழாக மறுபடி அடுக்குவார்கள். முதல் புளிப்பேற்றம் ஒரு மாத அளவு. பிறகு நடு நரம்பை உரித்து, தரம் பிரித்து, நீர் தெளித்து, இன்னும் கூடிய சூட்டில் இரண்டாவது புளிப்பேற்றம். அதன்பின் மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்கிறார்கள். காரமான லிஹேரோவுக்கு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். நரம்பை உரிப்பதும் தரம் பிரிப்பதும் நெடுங்காலமாகப் பெண்களின் வேலை. மடியில் இலையை விரித்து நரம்பை உரித்த அவர்களைப் பார்த்தே, கியூபாப் பெண்கள் தொடையில் வைத்துச் சுருட்டு சுற்றுவதாக வெளிநாட்டவர் கட்டிய கதை கிளம்பியது. அந்தக் கேலியான கதைக்குக் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்குகூட அவர்களின் கைத்திறனுக்குக் கிடைக்கவில்லை.

சுருட்டு சுற்றுவது மூன்று அடுக்கு வேலை. உள்ளே பூரணமாக இரண்டு முதல் நான்கு இலைகள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலாக மெல்லிய, பட்டுப் போன்ற மேல் இலை. உள் இலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கும்போது இடையிடையே புகை போக வழி இருக்க வேண்டும். வழி அடைபட்டால் சுருட்டு இழுக்க வராது; அதிகமானால் வேகமாக எரிந்து சூடேறிக் கசக்கும். எரிய மறுக்கும் லிஹேரோவை நட்ட நடுவில், கங்கின் சூடு மிகுந்த இடத்தில் வைக்க வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும். தொர்செதோர் என்னும் இந்தக் கைவினைஞருக்குக் கருவி, சாவேதா என்ற வட்ட விளிம்புத் தகட்டுக் கத்தியும் ஒரு பலகையும் கொஞ்சம் பிசினும்தான். தேர்ந்த கை ஒரு நாளில் நூறு சுருட்டு அளவுக்குச் சுற்றும். வாங்குபவர் வெளியில் பார்ப்பது மேல் இலையின் அழகை. ருசியைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த மடிப்புகளுக்கு.

இந்தத் தொழிலாளர்கள் தங்கள் வேலைக்கு நடுவே ஒரு அரிய வழக்கத்தை உருவாக்கினார்கள். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ பட்டறையில், வேலை நடக்கும்போது ஒருவர் மேடையில் அமர்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். கைகள் சுற்றும், காதுகள் கேட்கும். படிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து பிரித்துக் கொடுத்தனர். செய்தித்தாள், வரலாறு, நாவல் எல்லாம் படிக்கப்பட்டன. மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி இதைத் தடை செய்தது, தடை நிலைக்கவில்லை. 1868இல் விடுதலைப் போர் வெடித்தபின் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இந்த வழக்கத்தை ஃபுளோரிடாவின் கீ வெஸ்டுக்கும் தாம்பாவுக்கும் கொண்டு சென்றனர். தாம்பா முதலாளிகள் 1931இல் படிப்பவர்களை நீக்கிவிட்டு வானொலி வைத்தார்கள். கியூபாவில் இன்றும் படிக்கிறார்கள். 1935இல் தொடங்கிய மொந்தெகிரிஸ்தோ என்ற சுருட்டின் பெயரே, பட்டறைகளில் விரும்பிக் கேட்கப்பட்ட தூமாவின் நாவலிலிருந்து வந்தது.

சுற்றிய சுருட்டுக்குப் பெட்டி வெறும் உறை மட்டுமன்று. ஹவானாப் பெட்டிகள் செட்ரெலா ஒடோரட்டா என்ற மரத்தால் ஆனவை. தேவதாரு என்று பெயரளவில் சொல்லப்பட்டாலும் அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. மணமுள்ள இந்த மரம் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் சுருட்டைப் பதமாக வைக்கிறது. காற்றில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் சுருட்டுக்கு ஏற்றது. காய்ந்துபோன சுருட்டு வேகமாக எரிந்து நாக்கைச் சுடும்; நனைந்தது இழுக்க வராமல் அணையும். வெப்பம் கூடினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டெங்கும் துளை விழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனிலும் பாரிஸிலும் வசதி படைத்த வீடுகளில் புகைப்பதற்கென்று தனி அறையும் தனி அங்கியும் வந்தன. சுருட்டைப் பிடிக்கும் முறை அங்கே விதிகளாயிற்று. மூடிய முனையின் தொப்பியை மட்டும் வெட்ட வேண்டும். தோள் வரை வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பற்ற வைக்கும்போது தீ நேராகப் படாமல், சுருட்டைச் சுழற்றி முனை முழுவதும் சமமாகக் கங்கு பிடிக்கச் செய்ய வேண்டும். மூன்று அடுக்கும் ஒன்றாக எரிந்தால்தான் கலவையின் ருசி முழுதாக வரும். பெட்ரோல் தீயின் வாடை ஒட்டிக்கொள்ளும் என்பதால் மரச் சிம்பில் பற்ற வைப்பவர்கள் உண்டு. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அடுத்தடுத்து இழுத்தால் கங்கு அளவுக்கு மீறிச் சூடாகி மணப் பொருள்கள் கருகும், கசப்பு மிஞ்சும். முனையில் தங்கும் சாம்பல் காற்றை மட்டுப்படுத்தி எரிவதைத் தணிக்கிறது. புகை, எரியாத இலை வழியே வரும்போது அதில் உள்ள பொருள்கள் அந்த இலையிலேயே படிகின்றன. ஆகவே முதல் பகுதி மென்மையாகவும், நடுப்பகுதி நிறைவாகவும், கடைசிப் பகுதி கனத்தும் இருக்கும். கடைசி இரண்டு விரற்கடையை அணைக்காமல் தானே அவியவிடும் வழக்கம் அதனால்தான்.

நெஞ்சுக்குள் இழுக்காத வழக்கத்துக்குக் காரணம், முன்பு சொன்ன காரத் தன்மை. அது தொண்டையைத் தாக்கும். அதே தன்மையால் நிக்கோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கிறது. ருசியை நாக்கு தனித்து அறிவதில்லை. வாயிலிருந்து பின்வழியாக மூக்கை எட்டும் மணமே பெரும் பகுதி. ஆனால் உள்ளே இழுக்காததால் தீங்கில்லை என்ற நம்பிக்கை தவறு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரச் சுருட்டு காரணமாகிறது என்பது உறுதியாக நிறுவப்பட்டது. எவ்வளவு நிதானமாகப் பிடித்தாலும் இந்த ஆபத்து நீங்காது.

ஹவானாவுக்குப் போட்டி கிழக்கிலிருந்து வந்தது. 1863இல் யாகோபுஸ் நியென்ஹைஸ் என்ற டச்சுக்காரர் சுமத்ராவின் டெலி பகுதியில் புகையிலை பயிரிட்டார். அங்கே விளைந்த இலை மிக மெல்லியது, நரம்பு தெரியாதது. மேல் இலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்கினார்கள். அந்தத் தோட்டங்கள் சீனக் கூலிகளையும் ஜாவானியரையும் கசக்கிப் பிழிந்தே வளர்ந்தன. தமிழர்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மேடான் நகரத்து மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றிய தமிழர் குடியிருப்பும் அந்தக் காலத்தின் எச்சம். சுமத்ரா இலையை எதிர்கொள்ள, அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் 1900இல் வயலுக்கு மேல் துணிப் பந்தல் போட்டு நிழலில் வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் குறைந்ததும் இலை மெலிந்து விரிந்தது. கியூபாவும் விரைவில் அதே வழிக்கு வந்தது. இன்று வுவெல்தா அபாஹோவில் மேல் இலைக்கான வயல்கள் வெள்ளைத் துணிப் பந்தலின் கீழும், உள் இலைக்கானவை திறந்த வெயிலிலும் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சுருட்டும் பிரிட்டனில் பேர் வாங்கியது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த இலையைத் திருச்சியில் சுற்றி ஏற்றுமதி செய்தார்கள். இரு முனையும் திறந்திருக்கும் இந்தச் சுருட்டை வெட்ட வேண்டியதில்லை. மென்மையைவிடக் காரம்தான் அதன் இலக்கணம். 1887இல் வெளிவந்த கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கருத்து உதிரும் சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சாம்பலின் நிறமும் எரியும் தன்மையும் இலையில் ஏறிய உப்புகளைப் பொறுத்தவை. பொட்டாசியம் மிகுந்தால் இலை நன்றாக எரியும், மக்னீசியம் கூடினால் சாம்பல் வெளுக்கும், குளோரைடு கூடினால் இலை சரியாக எரியாமல் கருகும். உவர்க் கிணற்று நீர் பாயும் நிலத்துப் புகையிலை வாயில் போட்டு மெல்ல விரும்பப்படுவதும், புகைக்கத் தோதுப்படாததும் இதனால்தான். சுருட்டுப் புகையிலையை ஆராய 1948இல் திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் ஒரு நிலையம் அமைந்தது.

கியூபாவில் 1959இல் புரட்சி வென்றது. 1960 செப்டம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. வெளியேறிய உரிமையாளர்கள் டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், நிகராகுவா ஆகிய நாடுகளில் கியூபா விதையை விதைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு நாட்டுச் சுருட்டுகள் விற்கப்படும் குழப்பம் அன்று தொடங்கி இன்றும் நீடிக்கிறது. கியூபாவுக்குள் 1966இல் கொயிபா என்ற சுருட்டு உருவானது. அது சுற்றப்பட்ட எல் லாகிதோ மாளிகையில் பெண்களைத் தொர்செதோர்களாகப் பயிற்றுவித்தார்கள். தலைமுறைகளாக நரம்பு உரித்த கைகளுக்குச் சுற்றும் பலகை கிடைத்தது. கொயிபாவின் சேகோ, லிஹேரோ இலைகளுக்கு மரப் பீப்பாயில் மூன்றாவது புளிப்பேற்றமும் உண்டு. அதன் மென்மை அங்கிருந்து வருகிறது.

1979-80இல் நீலப் பூஞ்சை நோய் கியூபாவின் விளைச்சலைப் பெருமளவில் அழித்தது. ஐம்பது ஆண்டுகளாக மேல் இலைக்குப் பயன்பட்ட கொரோஹோ ரகம் நோயைத் தாங்கவில்லை. 1990களில் ஹபானா 2000 என்ற ஒட்டு ரகம் வந்தது. நோயைத் தாங்கியது, ஆனால் எரிவதில் குறை இருந்தது. பிறகு வந்த கொரோஹோ 99, கிரியோல்லோ 98 ஆகியவை நிலைத்தன. அதே பத்தாண்டில் உலகெங்கும் சுருட்டுக்குத் திடீர்த் தேவை எழ, பயிற்சி நிரம்பாத கைகள் அவசரமாகச் சுற்றின. இழுக்க வராத சுருட்டுகள் பெருகின. அதற்குப் பிறகே, மேல் இலை சுற்றுமுன் உள் கட்டை இயந்திரத்தில் வைத்துக் காற்றோட்டத்தை அளக்கும் முறை கியூபாத் தொழிற்சாலைகளில் பரவியது.

அம்பாரத்தில் தொடங்கிய மாற்றம் பெட்டிக்குள்ளும் தொடர்கிறது. புதிதாகச் சுற்றிய சுருட்டில் அம்மோனியா வாடை மிச்சம் இருக்கும். சில மாதங்களில் அது நீங்கும். அதன்பின் பல ஆண்டுகள் காரம் மெல்லத் தணிந்து மணம் ஒன்று கலக்கும். காரமான கலவைக்கு இந்தக் காலம் நீளும், மென்மையான கலவை சீக்கிரமே உச்சம் தொட்டு மங்கிவிடும். வாங்குபவர் இந்த வயதைக் கணக்கிட உதவியாக, 1985 முதல் கியூபாப் பெட்டிகளின் அடிப்பலகையில் தொழிற்சாலையின் குறியும் பெட்டியிட்ட காலமும் பொறிக்கப்படுகின்றன.